புல் மருந்துக்குப் பழகவில்லை

அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். ஜொகூர் தங்காக் பக்கம், லேடாங் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்த செம்பனைத் தோட்டம் அது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் 16 லிட்டர் பம்பை மாட்டிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே மருந்தடித்துக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். பள்ளி விடுமுறையில் நானும் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நிழலில் உட்கார்ந்திருப்பேன்.

அடித்த ஒரு வாரத்தில் புல் மஞ்சளிக்கும். இரண்டு வாரத்தில் காய்ந்து பழுப்பாகும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், அப்படிக் காய்ந்து கிடந்த பாதையின் நடுவில் ஒரே ஒரு கொத்து மட்டும் பச்சையாக நின்றது. அம்மா குனிந்து பிடுங்கப் பார்த்தார். வரவில்லை. அடித்தண்டு தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் வெளுத்து, மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பார்த்துவிட்டு, “இது மருந்துக்குப் பழகிடுச்சும்மா” என்றார். அம்மாவும் தலையாட்டினார். அன்றிலிருந்து தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

இப்போது நான் டவுனில் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கிறேன். பரிணாமம் பற்றிப் பேச்சு வந்தாலே அந்தக் கொத்துப் புல்லில்தான் தொடங்குவேன். மண்டோர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கே தவறுகிறது என்று புரிந்துவிட்டால், இயற்கைத் தேர்வு முக்கால்வாசி புரிந்துவிடும்.

பழகுவது என்றால் என்ன? காரமே தொடாத பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சம்பல் சாப்பிட்டுப் பழகும். போன வருடம் கண்ணீர் விட்ட அதே பிள்ளை இந்த வருடம் இன்னொரு கரண்டி கேட்கும். ஒரே ஆள், முன்பு ஒரு மாதிரி, பின்பு ஒரு மாதிரி. அந்தப் புல்லுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. அது முளைக்கும்போதே மருந்தைத் தாங்கும் புல்லாக முளைத்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவை தாங்காத புல்லாக முளைத்திருந்தன. மருந்து வரும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. மருந்து வந்தது, தாங்காதவை செத்தன. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தப் புல்லும் மாறவில்லை. அந்தப் பாதையில் எந்த வகை எத்தனை என்ற கணக்குதான் மாறியது.

இந்தக் கணக்கு தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போவதற்குத்தான் பரிணாமம் என்று பெயர்.

அந்தப் புல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். மலாய்க்காரர்கள் அதை ரும்புட் சம்பாவ் என்பார்கள். அறிவியல் பெயர் எலுசைன் இண்டிகா. திடல், சாலையோரம், கோயில் வாசல், காலடி பட்டு இறுகிய மண் எதுவானாலும் வளரும். அதன் கதிர் விரல் விரித்ததுபோல் இருக்கும். பார்த்ததும் கேழ்வரகு ஞாபகம் வந்தால் ஆச்சரியமில்லை, கேழ்வரகும் எலுசைன் இனம்தான். நம் பாட்டிமார் கூழ் காய்ச்சிய தானியத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தக் களை. நல்ல இடம் கிடைத்தால் ஒரே செடி 40,000 விதைகளுக்கு மேல்கூட விடும்.

அம்மா அடித்த மருந்து கிளைபோசேட். 1974-இல் விற்பனைக்கு வந்தது. தோட்டத்தில் கிளைபோசேட் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது, ரவுண்டப் என்றால்தான் தெரியும். செடிக்குள், புரதம் கட்டத் தேவையான சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. நொதி என்பது உயிருக்குள் வேலை செய்யும் ஒரு சின்னப் புரதக் கருவி. கிளைபோசேட் போய் அந்த நொதியின் இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும். வேலை நின்றுபோகும். செடி மெல்லப் பட்டினியில் சாகும். இரண்டு வாரம் பிடிப்பது அதனால்தான்.

இந்த மருந்தைத் தாங்கும் சம்பாவ் புல் மலேசியாவில் 1997-இல் கண்டறியப்பட்டது. கிளைபோசேட்டைத் தாங்கிய முதல் களை ஆஸ்திரேலியாவில் 1996-இல் தெரியவந்தது, உலகத்தில் இரண்டாவது நம்முடையது. ஆராய்ச்சியாளர்கள் அந்த நொதியைப் பிரித்துப் பார்த்தார்கள். நொதி என்பது அமினோ அமிலங்கள் மணிமணியாகக் கோத்த மாலை. அதில் 106-ஆவது மணி புரோலினாக இருக்க வேண்டும். தாங்கும் புல்லில் அந்த இடத்தில் செரின் என்ற வேறு மணி இருந்தது. இதற்கு, உயிரின் செய்முறைக் குறிப்பான டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். களை என்று எழுதும்போது ஓர் எழுத்து பிசகினால் கலை ஆகிவிடுகிறதே, அந்த மாதிரி. அந்த மணி மாறியதில் இடுக்கின் வடிவம் கொஞ்சம் மாறி, மருந்து சரியாக உட்கார முடியவில்லை. நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்தது.

இந்த எழுத்துப் பிழை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு உயிரும் தன் டிஎன்ஏவை நகலெடுத்துத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறது. கோடிக்கணக்கான எழுத்துகளை நகலெடுக்கும்போது அங்கங்கே பிழை விழும். இதைச் சடுதிமாற்றம் என்பார்கள். பல பிழைகளால் ஒன்றும் ஆகாது. சில கெடுக்கும். எப்போதோ ஒன்று, ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு சூழலில் கைகொடுக்கும். தனக்கு என்ன தேவை என்று புல்லுக்குத் தெரியாது. தேவையைப் பார்த்துப் பிழை வருவதும் கிடையாது.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் சும்மா வைத்துக்கொண்டவை, போக்கு உண்மை. ஒரு தோட்டத்தில் பத்து லட்சம் சம்பாவ் செடிகள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் அந்த 106-ஆவது மணி மாறியிருக்கிறது. மருந்தடிக்கிறோம். 9,99,999 செத்துவிட்டன. மிஞ்சிய ஒன்றுக்கு வெயிலும் தண்ணீரும் மண்ணும் போட்டியே இல்லாமல் கிடைக்கின்றன. அது தன் பூவிலேயே தான் மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் புல், துணை தேட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் விதை விடுகிறது. அடுத்த சுற்றில் முளைப்பதில் பெரும்பங்கு அதன் பிள்ளைகள். மறுபடியும் அதே மருந்து. இப்படி நான்கைந்து சுற்று போனால் தோட்டம் முழுக்க அதன் வம்சம்தான். மண்டோர் பார்த்தது மருந்துக்குப் பிறகு மிஞ்சி நின்ற புல்லை மட்டும். அதனால்தான் ‘பழகிடுச்சு’ என்று தோன்றியது.

இதில் மூன்று விஷயம் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. கூட்டத்துக்குள் வித்தியாசம் இருந்தது. அந்த வித்தியாசம் விதை வழியே பிள்ளைக்குப் போனது. அதை வைத்துத்தான் யார் அதிக விதை விடுவது என்பது முடிவானது. இந்த மூன்றும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும், யாரும் நடத்திவைக்க வேண்டாம். ‘தேர்வு’ என்றதும் யாரோ உட்கார்ந்து தேர்ந்தெடுப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கதையில் அம்மாவின் கையில் பம்பு இருந்தது உண்மைதான். ஆனால் மருந்தைத் தாங்கும் புல்லை வளர்க்கவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லையே.

ஒன்று விட்டுப்போனாலும் வேலை நின்றுவிடும். அதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது, கித்தா எனும் ரப்பர் மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அந்தக் குறுகிய வம்சத்திலிருந்துதான் மலாயாவின் கித்தாக் காடுகள் பெருகின. அப்புறம் ஒட்டுக்கட்டும் முறை வந்தது. நன்றாகப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து ஆயிரமாயிரம் கன்றில் ஒட்டுவார்கள். அத்தனையும் ஒரே மரத்தின் நகல். பாலுக்கு அது நல்லது. ஆனால் ஒரு புது நோய் வந்தால் எல்லா மரத்துக்கும் ஒரே கதிதான், தாங்கும் மரம் என்று ஒன்று ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு. தென்னமெரிக்காவில் ரப்பர் இலைக்கருகல் நோய் தோட்டங்களையே அழித்திருக்கிறது. ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் போட்ட பெரிய ரப்பர் தோட்டங்களும் அந்த நோயிடம் தோற்றன. அந்த நோய்க்கிருமி இங்கே வந்துவிடக்கூடாது என்று மலேசியா இன்றும் கவனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வித்தியாசம் இல்லாத கூட்டத்தில் இயற்கைத் தேர்வுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று கேட்டால் எல்லாரும் டார்வின் என்பார்கள். சரிதான், ஆனால் அவர் மட்டும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உரிமையோடு பேசத் தோன்றும், ஏனென்றால் இரண்டாவது ஆள் எங்கள் மலையில் ஏறியவர்.

ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854-இல் சிங்கப்பூர் வந்து இறங்கினார். பெரிய படிப்போ பணமோ கிடையாது. வண்டு, பட்டாம்பூச்சி, பறவை பிடித்துப் பதப்படுத்தி இங்கிலாந்துக்கு அனுப்பி, அந்த வருமானத்தில் வாழ்ந்தவர். அதே வருடம் மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்கு வந்தார். ஆங்கிலேயர்கள் அதை ஓஃபிர் மலை என்று அழைத்தார்கள். மேலே பாடாங் பத்து என்ற பாறைவெளியில் தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தேடித்தேடிப் பார்த்தும் இல்லை. கடைசியில் அங்கே வளர்ந்திருந்த குடுவைச் செடிகளின் குடுவையில் தேங்கிய நீரைக் குடித்துத் தாகம் தீர்த்தார்கள். உள்ளே பூச்சிகள் மிதந்தாலும், சற்றே வெதுவெதுப்பாக இருந்தாலும், குடிக்க நன்றாகவே இருந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஜன்னல் வழியாக அந்த மலை தெரியும். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எட்டு வருடம் இந்தத் தீவுகளில் அலைந்தார் வாலஸ். 1858-இல் மலுக்குத் தீவுகளில் இருந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தார். எல்லா உயிரும் பிழைக்கக்கூடியதைவிட மிக அதிகமாகக் குட்டி போடுகிறதே, அதில் யார் பிழைப்பது, ஏன் அவர்கள் என்று யோசித்தவருக்கு விடை பிடிபட்டது. எழுதி டார்வினுக்கு அனுப்பினார். இருபது வருடமாக அதே விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆதாரம் சேர்த்துக்கொண்டிருந்த டார்வின் அதிர்ந்துபோனார். 1858 ஜூலை 1 அன்று இருவர் எழுத்தும் லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. மறுவருடம் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. ஒருவர் கப்பலில் உலகம் சுற்றி வந்தபின், வீட்டில் இருந்தபடி யோசித்து, ஆதாரம் சேர்த்துக் கண்டது. மற்றவர் நம் காடுகளில் நடந்து கண்டது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

போன மாதம் ஐந்தாம் படிவ மாணவி ஒருத்தி நல்ல கேள்வி கேட்டாள். “டீச்சர், அந்தப் புல் முதலிலேயே அப்படித்தான் இருந்துச்சுன்னு எப்படித் தெரியும்? மருந்து பட்டதும் மாறியிருக்கலாம் இல்லையா?” இதே சந்தேகம் அறிவியலாளர்களுக்கும் இருந்தது. அதைத் தீர்த்துவைத்த சோதனை அவ்வளவு எளிமையானது.

1952-இல் எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் என்ற தம்பதி செய்தது. ஒரு வட்டத் தட்டில் பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, புள்ளி புள்ளியாக. ஒரு மரக்கட்டையின் தலையில் வெல்வெட் துணியைக் கட்டி, ரப்பர் முத்திரை குத்துவதுபோல் அந்தத் தட்டில் மெல்ல அழுத்தி எடுத்தார்கள். துணியின் இழைகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கொஞ்சம் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். அதை மருந்து கலந்த புதிய தட்டுகளில் குத்தினார்கள். எந்த இடத்தில் இருந்த புள்ளி எங்கே போயிற்று என்று அச்சு மாறாமல் தெரியும். மருந்துத் தட்டுகளில் ஏறக்குறைய எல்லாம் செத்தன. பிழைத்த ஒன்றிரண்டு ஒவ்வொரு தட்டிலும் அதே அதே இடத்தில் இருந்தன. அப்புறம் மூலத்தட்டுக்குத் திரும்பி, மருந்தின் வாசனையே படாத அந்த இடத்துப் பாக்டீரியாவை எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் மருந்தைத் தாங்கியது. மருந்து வந்து மாற்றியிருந்தால் ஒவ்வொரு தட்டிலும் வேறு வேறு இடத்தில் அல்லவா பிழைத்திருக்க வேண்டும்?

புல்லிலேயே காட்டு என்றால் அதுவும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம். ஐரோப்பாவில் கோதுமை வயல்களைப் படுத்தும் ஒரு களைப்புல் உண்டு. அதுவும் வேறொரு களைக்கொல்லியைத் தாங்கத் தொடங்கியது. அந்த மருந்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் பழைய தாவரத் தொகுப்புகளில் காயவைத்து, தாளில் ஒட்டிப் பாதுகாத்திருந்த அந்தப் புல்லின் 734 மாதிரிகளை எடுத்து டிஎன்ஏவைப் படித்தார்கள். 1888-இல் பறித்து ஒட்டிய ஒரு புல்லில் அந்த எழுத்துப் பிழை அப்படியே இருந்தது. மருந்து பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு. அந்த மாணவியிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்போ அந்தப் புல்லுக்கு அதனால ஒரு லாபமும் இருந்திருக்காது” என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘வலியது வாழும்’ என்று தமிழில் அடிக்கடி எழுதுகிறார்கள். அந்தச் சொல் ஆளைத் தவறான பக்கம் இழுத்துப்போகும். மலேசியச் சம்பாவ் புல்லில் பின்னால் இரட்டை மாற்றமும் கண்டுபிடித்தார்கள். 106-ஆவது மணியோடு 102-ஆவது மணியும் மாறியிருந்தது. 2015-இல் வெளியான ஆய்வு அது. இரண்டு பக்கத்துப் பெற்றோரிடமிருந்தும் அந்த இரட்டை மாற்றம் வந்த புல், சாதாரணப் புல்லைவிட நூறு மடங்குக்கும் மேல் மருந்தைத் தாங்கியது. அப்படியானால் உலகம் முழுக்க அதுதான் பரவியிருக்க வேண்டும் இல்லையா? பரவவில்லை. அந்தப் புல் வளர்ச்சியில் சவலை, விதையும் குறைவு. மருந்தடிக்கும் இடத்தில் அது ராஜா. மருந்தே அடிக்காத திடலில் சாதாரணப் புல்லிடம் தோற்றுவிடும். எது தகுதி என்பதை அந்த இடமும் அந்த நேரமும்தான் சொல்லும்.

கலாபகஸ் தீவுகளில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி கண்டதும் இதையேதான். ஒரு சின்னத் தீவில் குருவிகளைப் பிடித்து அலகை அளந்து வளையம் மாட்டி, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். 1977-இல் கடும் வறட்சி. சின்ன விதைகள் தீர்ந்து, கடினமான பெரிய விதைகள் மிஞ்சின. பெரிய அலகுக் குருவிகள் அதிகமாகப் பிழைத்தன, அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிது. 1983-இல் மழை கொட்டியது. சின்ன விதைகள் பெருகின. அடுத்து வந்த வருடங்களில் கணக்கு சின்ன அலகுப் பக்கம் திரும்பியது. பரிணாமம் ஏணிப்படி மாதிரி மேலே மேலே போகும் என்ற எண்ணத்துக்கு இதில் இடமே இல்லை.

ஒரு புல் மருந்தைத் தாங்குவதும், ஒரு குருவியின் அலகு பெருப்பதும் சரி. மீன் கரையேறியது, திமிங்கிலம் கடலுக்குப் போனது போன்ற பெரிய மாற்றங்களுக்கு என்ன ஆதாரம்? இங்கே காலம் வந்து சேர்கிறது. சின்ன மாற்றங்கள் கோடிக்கணக்கான வருடம் சேர்ந்தால் தூரம் தெரியும். மீனுக்கும் நான்கு கால் பிராணிக்கும் நடுவில் ஓர் உயிர் இருந்திருக்க வேண்டும், அது ஏறக்குறைய 37.5 கோடி வருடப் பாறையில் கிடைக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கனடாவின் வடகோடித் தீவொன்றில் வருடக்கணக்காகத் தேடினார்கள். 2004-இல் கிடைத்தது. டிக்டாலிக் என்று பெயர். செதிலும் துடுப்பும் உண்டு, கழுத்தும் உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்பும் உண்டு.

பாறையைத் தேடிப் போகாமலே பார்க்கக்கூடியதும் நிறைய இருக்கிறது. சாயங்காலம் ரம்புத்தான் மரத்துக்கு வரும் வௌவாலின் இறக்கையை விரித்துப் பார்த்தால், மேல்கையில் ஓர் எலும்பு, முன்கையில் இரண்டு, அப்புறம் மணிக்கட்டு, ஐந்து விரல். நம் கையும் அதே வரிசை. பூனையின் முன்காலும் அதே வரிசை. திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளும் அதே. பறப்பதற்கு, பிடிப்பதற்கு, ஓடுவதற்கு, நீந்துவதற்கு என்று தனித்தனியாக யோசித்துச் செய்திருந்தால் நான்கும் ஒரே சட்டத்தில் வந்திருக்க அவசியமில்லை. ஒரே மூதாதையிடமிருந்து வந்தால்தான் அப்படி வரும்.

இதைவிட அழுத்தமானது வைட்டமின் சி. எங்கள் வீட்டு ஆடு கொய்யாப்பழமோ எலுமிச்சையோ தேடிப் போவதில்லை. தனக்கு வேண்டிய வைட்டமின் சியை அதன் ஈரலே செய்துகொள்கிறது. நம்மால் முடியாது. சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் வரும். ஏன் முடியாது என்று பார்த்தால், அதைச் செய்யும் மரபணு நமக்குள்ளும் இருக்கிறது, ஆனால் உடைந்துபோய். சிம்பன்சிக்கும் உடைந்திருக்கிறது. குப்பைத்தொட்டியைக் கவிழ்க்க வருகிற கெரா குரங்குக்கும் உடைந்திருக்கிறது. உடைந்த விதத்திலும் பொதுவான அடையாளங்கள் இருக்கின்றன. டியூஷன் எடுக்கிறவளுக்கு இதன் பொருள் உடனே தெரியும். இரண்டு பிள்ளைகள் சரியான விடை எழுதினால் இருவரும் படித்திருப்பார்கள். இருவரும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை செய்திருந்தால், இரண்டு தாளும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை.

இதைக் கேட்டதும் தவறாமல் வரும் கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் இருக்கிறது? என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போருக்கு முன்னால் கப்பலேறி வந்தவர். அவருடைய அண்ணன் ஊரிலேயே தங்கிவிட்டார். அவர் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். நாங்கள் இங்கே கித்தா, பசார், ரோத்தான் என்று பேசுகிறோம், அவர்களுக்கு அது புரியாது. அவர்கள் பேச்சிலும் எங்களுக்குப் புரியாதது சேர்ந்துவிட்டது. நாங்கள் அவர்களிடமிருந்து வரவில்லை, இரண்டு கூட்டமும் ஒரே பூட்டனிடமிருந்து வந்தது. இன்றைய குரங்கும் நமக்குத் தாத்தா முறை கிடையாது, பங்காளி முறைதான். நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது ஏறக்குறைய 60, 70 லட்சம் வருடங்களுக்கு முன்பு. கெராவோடு உள்ள சொந்தம் அதைவிட மிகவும் தூரம்.

கடல் கடந்தால் கூட்டம் பிரியும் என்பதை வாலஸ் உயிர்களில் கண்டார். பாலித் தீவிலிருந்து லொம்போக் போனார், இடையில் சுமார் 35 கிலோமீட்டர் கடல். அதே வெயில், அதே மழை. ஆனால் பாலியில் மரங்கொத்தி, லொம்போக்கில் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளி. பனியுகத்தில் கடல் வற்றியபோது மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலமாக இருந்தன. லொம்போக் நீரிணை மட்டும் ஆழம், அது வற்றவே இல்லை. நடந்து போக முடிந்த இடம்வரை ஒரே சொந்தம், முடியாத இடத்தில் வேறு வம்சம். அந்தக் கோட்டுக்கு இன்றும் வாலஸ் கோடு என்றுதான் பெயர்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ மருந்தாலதான் இந்த வினை. கையால புடுங்கினா புல்லு ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். நான் இல்லை என்றேன். நெல் வயலில் வளரும் ஒரு களை உண்டு, குதிரைவாலிக்கு உறவு. காட்டில் அது அடி சிவந்து, தரையில் படர்ந்து வளரும். சீனாவின் யாங்சி ஆற்றுப் பக்கம் நெல் வயல்களில் இருப்பதோ அடி பச்சையாக, நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கிறது. ஆயிரம் வருடமாக அங்கே குனிந்து களையெடுத்தவர்கள் வேறாகத் தெரிந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தார்கள். நெல் மாதிரி இருந்தது தப்பித்து விதை விட்டது. கையும் கண்ணும்தான் அங்கே மருந்து.

அம்மா கொஞ்சம் யோசித்தார். “எங்கம்மா ஊருல நடவு, களையெடுப்புன்னு வேல பாத்தவங்க. அவங்க சொல்வாங்க, சந்தேகமா இருந்தா எல தண்டுல சேர்ற கழுத்துல வெரல வச்சுப் பாருன்னு. நெல்லுன்னா மெல்லிசா ஒரு சவ்வு தட்டும். புல்லுன்னா அங்க ஒண்ணும் இருக்காது.”

உண்மைதான். நெல்லுக்கு அந்தச் சவ்வு உண்டு, அந்தக் களைக்குக் கிடையாது. நிறத்தையும் நிற்கும் விதத்தையும் நெல்லைப் போல ஆக்கிக்கொண்ட வம்சம், அந்தக் கழுத்தை மட்டும் விட்டுவிட்டது. அவசரத்தில் அவ்வளவு தூரம் விரல் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு போலும்.